என் பக்கத்துக் கதவு

ஆமாம், சற்று முன்னால் போனில் கத்தினது நான்தான். உங்கள் தூக்கத்தைக் கெடுத்துவிட்டேன். என்ன செய்ய, அந்தப் பக்கம் பேசினது என் மகன் ரகுபதி. "ஏம்மா சொல்லாம கொள்ளாம பஸ் ஏறின, நான் கார்ல கொண்டுபோய் விட்ருப்பேன்ல" என்கிறான். அந்தக் காரில் இனிமேல் என் கால் படாது என்று சொன்னேன். பஸ் முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும், எனக்கென்ன.

வீட்டில் கார் இருக்கிறவள் எதற்கு நத்தம் பஸ்ஸில் இடிபட்டுக்கொண்டு வருகிறாள் என்று நீங்கள் வாயைத் திறந்து கேட்கவில்லை. ஆனால் உங்கள் முகம் கேட்கிறது. சொல்கிறேன். சொன்னால்தான் எனக்கும் நெஞ்சு ஆறும்.

ஒரு கார்க் கதவால் என் தம்பி என்னோடு பேச்சை நிறுத்திவிட்டான். எனக்கென்று இருக்கிறது அவன் ஒருத்தன்தான். அப்பா இல்லை, அம்மா இல்லை, கூடப் பிறந்தது வேறு யாரும் இல்லை. இந்த வாரம் தீபாவளி. ஒரு தீபாவளிக்குக்கூட அவன் சேலை எடுத்துக்கொண்டு என் வாசலுக்கு வராமல் இருந்ததில்லை. சேலைக்காகச் சொல்லவில்லை. அவன் எடுக்கிற சேலையை யார் கட்டுவார்கள்? எல்லாம் கண்ணைக் குத்துகிற பச்சை. அதைக் கட்டிக்கொண்டுதான் நான் வருஷா வருஷம் தெருவில் நிற்கிறேன், அது வேறு விஷயம். இந்த வருஷம் வருவானா மாட்டானா என்று தெரியவில்லை. தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சோலைமலை என்று பெயர். டெம்போ ஓட்டுகிறான். மாங்காய் சீசனில் மாங்காய், மற்ற நாளில் புளி, தேங்காய். டெம்போ அவனுடையது இல்லை, ஒரு முதலாளியுடையது. தங்கமான பையன். பையன் என்ன, நாற்பதைத் தாண்டியாகிவிட்டது. ஆனால் எனக்குப் பையன்தான். அவனைத் தூக்கி வைத்துக்கொள்வதற்காகத்தான் என்னை ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். அம்மா களையெடுக்கப் போய்விடும். நான் இவனை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வேலிக்கு வெளியே நின்று, உள்ளே சொல்கிற வாய்ப்பாட்டைக் கேட்பேன். இதை நான் ஒரு நாளும் அவனிடம் சொல்லிக் காட்டியதில்லை. கோபம் வந்தால் மட்டும்தான் சொல்வேன்.

தினமும் சாயந்திரம் சீரியலில் விளம்பரம் வரும்போது போன் பண்ணுவான். "அக்கா, காபி குடிச்சியா?" "குடிச்சேன். நீ?" "இப்பத்தான்." அவ்வளவுதான், வைத்துவிடுவான். என்ன பெரிய பேச்சு என்று எங்கள் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து அந்தப் போன் வரவில்லை.

நீங்களே பண்ண வேண்டியதுதானே என்று கேட்கிறீர்களா? நான் எதற்குப் பண்ண வேண்டும்? நான் மூத்தவள்.

கதவுக்கு வருகிறேன். ஆவணியில் ரகுபதி ஒரு பழைய கார் வாங்கினான். பழையது என்றால் ஊருக்குப் பழையது, எங்களுக்குப் புதுசு. முன்னால் அவனும் அவன் அப்பாவும். பின்னால் இடது பக்கம் நான். அது என் இடம். வாசலில் வண்டியை நிறுத்தினால் அந்தக் கதவு எங்கள் படிக்கு நேராக வந்து நிற்கும். எனக்கு வலது முழங்கால் மடங்காது. படியிறங்கி, கதவைத் திறந்து, அப்படியே உட்கார்ந்து, காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டால் ஆயிற்று. எதிர்வீட்டு மரகதவல்லி ஜன்னலில் நின்று பார்ப்பாள். பார்க்கட்டும் என்று நானும் கொஞ்சம் மெதுவாகத்தான் ஏறுவேன்.

ஆயுத பூஜை வந்தது. நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. எங்கள் வீட்டில் கிரைண்டருக்குப் பொட்டு வைப்பேன், பிரிட்ஜுக்கு வைப்பேன், டிவி ரிமோட்டுக்குக்கூட வைப்பேன். காரைக் கழுவி, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் நாலு கதவுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். என் கதவுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல். அதில் என்ன தப்பு? நம்மைத் தாங்குகிறதை நாம்தானே கவனிக்க வேண்டும்?

கார்க் கதவை விரியத் திறந்தால் அதன் ஓரத்தில் ஒரு பொந்து தெரியும், பார்த்திருக்கிறீர்களா? வாய் மாதிரி இருக்கும். உள்ளே இரும்பில் ஒரு நாக்கு. கதவைச் சாத்தினால் அந்த வாய் எதிரே இருக்கிற கம்பியைக் கவ்விக்கொள்ளும். அதைத்தான் லாக் என்கிறார்கள். வாயைப் பார்த்த பிறகு அதைப் பட்டினி போட எனக்கு மனசு வரவில்லை. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து நாக்கில் தடவினேன். குங்குமம் வைத்தேன். பிறகு பொரியும் பொட்டுக்கடலையும் நாட்டுச் சர்க்கரையும் பிசைந்து வைத்திருந்தேன் இல்லையா, அதில் ஒரு சிட்டிகை ஊட்டினேன். ஒரு சிட்டிகை என்ன, கொஞ்சம் தாராளமாகவே ஊட்டினேன். மேலே தேன் ஒரு சொட்டு. நல்லா உழைக்கணும்டா சாமி என்று கையெடுத்துக் கும்பிட்டேன். பக்தியோடு செய்த காரியம்.

அன்றைக்குச் சோலைமலையும் அவன் பெண்டாட்டி செண்பகமும் வந்திருந்தார்கள். வாழைக்கன்றெல்லாம் அவன்தான் கொண்டுவந்து கட்டினான். சாப்பிட்டார்கள், சந்தோஷமாக இருந்தார்கள். சாயந்திரம் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விட ரகுபதி காரை எடுத்தான். நானும் போனேன். என் இடத்தில் தம்பியை உட்கார வைத்தேன். நானாகத்தான் வைத்தேன், அவன் கேட்கவில்லை. "அக்கா, மெத்தையில உக்காந்த மாதிரி இருக்கு" என்று கையால் சீட்டைத் தடவிக்கொண்டே வந்தான். செண்பகம் பொரி உருண்டை தின்றுகொண்டு வந்தாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கினான். இறங்கி, கதவைச் சாத்தினான் பாருங்கள்! டமார்! என் நெஞ்சே அதிர்ந்தது. டெம்போக் கதவை அடித்து அடித்துப் பழகின கை. "ஏண்டா இப்படி அடிக்கிற" என்று கேட்டேன். "பழக்கதோஷம்க்கா" என்று சிரித்துக்கொண்டே போனான்.

அன்றைக்கு ராத்திரி மழை கொட்டியது. மறுநாள் நல்ல வெயில். முழங்காலுக்கு ஊசி போடக் கிளம்பினேன். மரகதவல்லி வழக்கம்போல ஜன்னலில். நான் படியிறங்கிக் கதவை இழுக்கிறேன், வரவில்லை. இன்னொரு தரம் இழுக்கிறேன், அசையவில்லை. ரகுபதி உள்ளே போய் அந்தப் பக்கத்திலிருந்து தள்ளினான். எங்கள் வீட்டுக்காரர் வெளியிலிருந்து உதைத்தார். கதவு சுவர் மாதிரி நிற்கிறது. இடுக்கில் ஒரே எறும்பு வரிசை. செண்பகம் உருண்டை தின்ற லட்சணம் இதுதான் என்று அப்போதே சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

உடனே போனைப் போட்டேன். தப்பு செய்தவனிடம் கேட்க வேண்டுமா வேண்டாமா? என்ன சொன்னேன்? ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. "ஏண்டா, அடுத்தவன் வண்டிய ஓட்டுறவனுக்குச் சொந்தக் காரோட அருமை என்னடா தெரியும்? உன் கை பட்டு எது உருப்பட்டிருக்கு?" என்று கேட்டேன். அப்புறம் இடுப்பில் தூக்கினது, பள்ளிக்கூட வேலி, வாய்ப்பாடு, எல்லாம் வந்தது. கோபம் வந்தால் வரும், அவனுக்குத் தெரியும். அந்தப் பக்கம் வண்டி போகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரிக்கா. இனிமே உன் வண்டியத் தொடல" என்றான். வைத்துவிட்டான்.

இதில் கோபப்பட என்ன இருக்கிறது, நீங்கள் சொல்லுங்கள். உள்ளதைச் சொன்னால் பொறுக்காதா?

அதற்குப் பிறகு நான் பட்டது எனக்குத்தான் தெரியும். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு, காரைச் சுற்றி, நடுரோட்டுப் பக்கம் போய், லாரியும் பஸ்ஸும் உரசிக்கொண்டு போக வலது கதவு வழியாக ஏற வேண்டும். ஏறி, சீட்டு நெடுக உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து என் இடத்துக்கு வர வேண்டும். நகராமல் அந்தப் பக்கமே உட்கார்ந்திருக்கலாமே என்று ரகுபதி கேட்டான். அது என் இடமா? மரகதவல்லி ஜன்னலிலிருந்து, "ஏன் மதினி, இப்ப அந்தப் பக்கமாப் போறீங்க, ஜோசியர் சொன்னாரா?" என்று கேட்கிறாள். ஊரில் எவள் கேட்கக் கூடாது என்று நினைத்தேனோ அவளே கேட்கிறாள்.

ரகுபதி எண்ணெய் விட்டுப் பார்த்தான். ஸ்கேலை இடுக்கில் விட்டு நெம்பிப் பார்த்தான், ஸ்கேல் வளைந்தது. எங்கள் வீட்டுக்காரர், "விலகு, உனக்கு வலு பத்தாது" என்று அவனைத் தள்ளிவிட்டு இழுத்தார். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் சொல்கிறார், "கதவு ஒண்ணு போனா என்னடி, இன்னும் மூணு இருக்குல்ல?" எப்படி இருக்கும் எனக்கு? அவருக்கு என்ன, முன் சீட்டில் ராஜா மாதிரி ஏறி உட்கார்ந்துகொள்கிறவர்.

எல்லாரிடமும் சொன்னேன். கதவு போனது என் தம்பியால் என்று நாத்தனாரிடம் சொன்னேன், காய்கறிக்காரியிடம் சொன்னேன், ஊசி போடுகிற நர்ஸிடம்கூடச் சொன்னேன். அது சுற்றிச் சுற்றி அவன் காதுக்குப் போயிருக்கிறது. செண்பகம் ரகுபதியிடம் சொல்லி அழுதாளாம். அழ வேண்டியது நான், அழுகிறது அவள்.

நேற்றைக்குத்தான் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனோம். குபேந்திரன் என்று ஒரு மெக்கானிக். வாய் ஓயாது அந்த ஆளுக்கு, கை ஓய்ந்தாலும் ஓயும். நானும் போனேன். என் கதவு, நான் பக்கத்தில் நிற்காமல் எப்படி? முதலிலேயே சொன்னேன், "எந் தம்பி அடிச்சுச் சாத்தினதுல உள்ள ஏதோ ஒடஞ்சிருச்சு, பாருங்க" என்று. உள்ளே போய் உட்கார்ந்து, கதவின் உட்பக்க அட்டையைக் கழற்றினார். முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு எதையோ திருகினார். கடவுளே, டக்கென்று ஒரு சத்தம். கதவு திறந்துகொண்டது. திறந்ததும் எறும்பு கொட்டுகிறது, திருவிழாக் கூட்டம் மாதிரி.

அந்த ஆள் ஸ்குரூடிரைவரை அந்த வாய்க்குள் விட்டு நோண்டினார். பழுப்பாக ஒரு கட்டி வந்தது. கல் மாதிரி இருந்தது. அதில் பொரி ஒட்டிக்கொண்டிருந்தது. மோந்து பார்த்தார். பிறகு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"அண்ணே," என்று எங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். "ஒடைசல் ஒண்ணும் இல்ல. உங்க காருக்குச் சர்க்கரை வியாதி."

"என்னப்பா சொல்ற?"

"நீங்களே பாருங்க. பொரி, கடலை, நாட்டுச் சர்க்கரை. சந்தனம் வேற. தேன் வாசம்கூட அடிக்குது. மழைத்தண்ணி எறங்கிப் பாகாகி, வெயில்ல காஞ்சு பிடிச்சுக்கிருச்சு. இவ்வளவு விருந்து வச்சது யாருண்ணே?"

எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். ரகுபதி என்னைப் பார்த்தான். அப்புறம் எங்கள் வீட்டுக்காரர் அங்கே கிடந்த டயரில் உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்து நிற்க முடியவில்லையாம். முப்பது வருஷம் என் கையால் சாப்பிட்ட மனுஷன்! டீக்கடையிலிருந்து நாலு பேர் வந்து அந்தக் கட்டியை வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். ஒருத்தன், "அக்கா, எங்க ஆட்டோவுக்கும் ஒரு வாய் ஊட்டுங்க" என்கிறான்.

நான் விடவில்லை. "சிரிக்காதீங்க. பொரி வச்சது நாந்தான், இல்லேங்கல. வாய்ல வச்சது வாய்லதான இருக்கணும்? எந் தம்பி அடிச்ச அடியிலதான அது உள்ள போச்சு?" என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே? அந்த ஆள் கையைத் துடைத்துக்கொண்டே சொல்கிறார், "இல்லம்மா, பழைய வண்டி. ஓங்கிச் சாத்தினாத்தான் இந்த லாக்கே கவ்வும். அவரு சரியாத்தான் சாத்தியிருக்காரு. மெதுவாச் சாத்தியிருந்தா ரோட்ல போகும்போது கதவு தொறந்து நீங்கதான் விழுந்திருப்பீங்க."

"நீ உன் வேலையைப் பாரு" என்றேன். வேறென்ன சொல்ல? கதவைத் திறக்கத்தானே கூப்பிட்டோம், தீர்ப்புச் சொல்லவா கூப்பிட்டோம்?

வெந்நீர் ஊற்றிக் கழுவி, எண்ணெய் போட்டு, புதுக் கைப்பிடி மாட்டிக் கொடுத்தார். இப்போது ஒரு விரலால் இழுத்தால் திறக்கிறது. திறந்து என்ன? வருகிற வழியெல்லாம் அப்பனும் மகனும் முன்னால் உட்கார்ந்து குலுங்குகிறார்கள். அப்போதுதான் முடிவு செய்தேன், இந்தக் காரில் இனிமேல் ஏறுவதில்லை என்று.

வீட்டுக்கு வந்ததும் ரகுபதி சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். "அம்மா, மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிரும்மா."

"என்ன வார்த்தை?"

"மன்னிச்சுக்கோன்னு."

கேட்டீர்களா? நான், அவனிடம்! எந்தப் பிள்ளையின் மூக்கை நான் என் பாவாடையால் துடைத்துவிட்டேனோ, அவனிடம் நான் கைகட்டி நிற்க வேண்டுமாம். "எந்திரிச்சுப் போடா" என்று கத்தினேன். போய்விட்டான். சீரியல் போட்டேன். விளம்பரம் வந்தது. போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். விளம்பரம் முடிந்தது. திரும்பவும் சீரியல் ஓடியது. அந்தக் கதையில் நேற்று என்ன நடந்தது என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது. யாரோ ஒரு பெண் அழுதாள், அவ்வளவுதான் ஞாபகம்.

"நம்பரைப் போட்டுத் தரவா?" என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டார். அவர் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். வேண்டாம் என்றேன்.

காலையில் எழுந்ததும் எனக்குத் தெளிவாகிவிட்டது. தப்பு அவன் பேரில்தான். ஒரு வார்த்தைக்கு யாராவது இத்தனை நாள் பேசாமல் இருப்பார்களா? அதுதான் தப்பு. கதவை விடுங்கள், அதை விடப் பெரிய தப்பு இதுதான். ஆனால் பெரியவர்கள்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். அதனால் அவனை மன்னித்துவிட்டு வந்துவிடுவது என்று கிளம்பினேன். அதற்குத்தான் போகிறேன். வேறு ஒன்றுக்கும் இல்லை.

என்ன சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருக்கிறேன். உள்ளே போக மாட்டேன். வாசலிலேயே நின்று, "போனது போகட்டும்டா, தீபாவளிக்கு வந்து சேரு" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். செண்பகம் காபி போட்டுவிட்டால்? போட்ட பிறகு குடிக்காமல் வைத்தால் அவள் வருத்தப்படுவாள், அதனால் குடிப்பேன். ஆனால் உட்கார மாட்டேன்.

ஒன்றுதான் யோசனையாக இருக்கிறது. நான் போகிற நேரம் அவன் லோடு ஏற்றப் போயிருந்தால்? அது பரவாயில்லை, காத்திருப்பேன். வீட்டிலேயே இருந்துகொண்டு, அக்காவா, இல்லையென்று சொல்லு என்று செண்பகத்திடம் சொல்லிவிட்டு உள்ளே படுத்துக்கொண்டால்? அப்படிச் செய்ய மாட்டான். அப்படிப்பட்ட பையன் இல்லை. ஆனால் அன்றைக்கு "சரிக்கா" என்றான் பாருங்கள், அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. சின்ன வயசில் விழுந்து மண்டை உடைந்தபோதுகூட அப்படிப் பேசினதில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கவலையே இல்லை, நானும் கத்தியிருப்பேன். சரிக்கா என்றால் அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

நிறுத்தம் வந்துவிட்டதா? அந்தப் புளியமரத்துக்கு அடுத்ததுதான். கண்டக்டரிடம் சொல்லியிருக்கிறேன், இருந்தாலும் அந்த ஆளை நம்ப முடியாது. கண்டக்டர் தம்பி! இங்கே இறங்கணும்!

ஐயோ, அங்கே பாருங்கள். அந்தக் கடை ஓரத்தில், கைலி கட்டிக்கொண்டு, தோளில் துண்டோடு. அவன்தான். அவனேதான். எதற்கு வெயிலில் வந்து நிற்கிறான்? நான் வருகிறேன் என்று யார் சொன்னது? ரகுபதிதான், வேறு யார்! நான் போனை வைத்ததும் அவனுக்குப் போட்டிருப்பான். எல்லாவற்றையும் ஒப்பித்திருப்பான். ஊட்டினதையும் சொல்லியிருப்பான், மெக்கானிக் நக்கிப் பார்த்ததையும் சொல்லியிருப்பான். என் வயிற்றில் பிறந்ததே இப்படி இருக்கிறது.

பாருங்கள், சிரிக்கிறான். பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். இவ்வளவு தூரம் நான் வந்தது இவனை மன்னிக்க. இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதற்குள் என்ன சிரிப்பு? கண்ணைத் துடைக்கிறானா? இல்லை, தூசியாக இருக்கும். பஸ் வந்து நின்றாலே இங்கே ஒரே தூசி.

கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள், இந்தக் காலை எடுக்க வேண்டும். ஒரு உபகாரம் செய்யுங்கள். உங்கள் காலடியில் என் பை இருக்கிறது. ஜன்னல் வழியாக அவனிடம் கொடுத்துவிடுங்கள். மெதுவாக, மெதுவாக, முறுக்கு நொறுங்கிவிடும். அவனுக்கு முழுசாக இருந்தால்தான் பிடிக்கும். கொடுக்கும்போது அப்படியே ஒன்று சொல்லிவிடுங்கள். அக்காவுக்குக் கோபம் இன்னும் தீரவில்லை, உன்னோடு பேச மாட்டாளாம் என்று. மறக்காமல் சொல்லுங்கள்.

டேய்! பையச் சாய்க்காதடா! நேராப் பிடி!